அரிசி மாவு என்று சொல்லி விற்ற தோல் எலும்பு: 1,850 ரூபாயும் இரண்டு நாள் குளுக்கோசும்

நேற்று மாலைதான் கால்நடை மருத்துவமனையிலிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

எங்கள் செவலை நான்கரை மாதக் கோம்பை இன நாய்க்குட்டி. சில வாரங்களாகப் பால்பற்கள் விழுகின்றன. மிதியடியில் அரிசி மணி அளவில் ஒரு பல் கிடந்தது, அப்பாவின் செருப்பு வாரில் இரத்தப் பொட்டுகள் இருந்தன. ஈறு நமைச்சலுக்குக் கடிக்க ஏதாவது வாங்கலாம் என்று, வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை விற்கும் ஒரு கடைக்குக் குட்டியோடு சென்றேன்.

கடைக்காரர் அதன் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்து, முன்பற்கள் மாறிவிட்டன, கோரைப்பற்கள் இனிமேல்தான் விழும், 28 பால்பற்கள் போய் 42 பற்கள் வந்து முடியும்போது குட்டிக்கு ஆறேழு மாத வயது ஆகிவிடும் என்றார். அத்தனையும் உண்மை, மருத்துவரும் பிறகு அதையேதான் சொன்னார். பல்லைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர், பல்லுக்குக் கொடுக்கும் பொருளில் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். ஒரு ரப்பர் வளையம், ஒரு கயிறு, எலும்பு வடிவத்தில் முடிச்சுப் போட்ட வெள்ளைக் கடிபொருள்கள் இரண்டு, எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். எலும்பு தோலால் ஆனதா என்று இரண்டு முறை கேட்டேன். "பயப்படாதீர்கள் சார், அரிசி மாவு, வயிற்றில் கரைந்துவிடும்" என்றார்.

மறுநாள் இரவு செவலை ஒரு முடிச்சை அப்படியே விழுங்கிவிட்டான். விடியும்வரை குமட்டல், காலையில் தயிர்ச்சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. நல்ல வேளையாக, அறுவை சிகிச்சைக்கு இடமில்லாமல் அந்தத் துண்டை அவனே வாந்தி எடுத்துவிட்டான். மீதமிருந்த எலும்பை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டேன். மாவாக இருந்தால் கரைந்திருக்க வேண்டும். காலையில் அது சுருள் பிரிந்து, உள்ளங்கையை விட அகலமான வழவழப்பான தோலாகக் கிடந்தது. உறையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை உரித்தால், அதன் அடியில் ஆங்கிலத்தில் மாட்டுத்தோல் என்றே அச்சிட்டிருக்கிறது!

கடைக்குப் போனபோது, குட்டி அவசரக்காரன், மெல்லாமல் விழுங்கினால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள். அடுத்த முறை, பிரித்த உறையைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். மூன்றாவது முறை முதலாளி வெளியூர் போயிருப்பதாக அந்த முதலாளியே என்னிடம் தொலைபேசியில் சொன்னார். குரல் தெரியாதா எனக்கு? ஊறிய தோலின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக்கோடுகள் விழுந்தன, பதில் இல்லை. ரசீது என்று அவர் அன்று கிழித்துக் கொடுத்த துண்டுத்தாளில் "நாய்ப் பொருள் 1,850" என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை. மருத்துவச் செலவு 4,300 ரூபாய் தனி. ஆனாலும் பொய் சொல்லிப் பறித்த அந்த 1,850 ரூபாய்தான் எனக்கு உறுத்துகிறது.

எவற்றைப் பாதுகாப்பாகக் கடிக்கக் கொடுக்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. தோல் எலும்பு வேண்டாம், அது வயிற்றில் ஊறிக் குடலை அடைக்கும். வேகவைத்த எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடையும். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதியாத பொருள் எதுவும் பல்லை உடைத்துவிடும் என்றார் மருத்துவர். நனைத்து முறுக்கிய பருத்தித் துணியைக் குளிர்ப்பெட்டியில் உறையவைத்துக் கொடுங்கள், ஆனால் குட்டி நூலைத் தின்றுவிடாதபடி பக்கத்திலேயே இருங்கள். விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் கடையிலேயே உரித்துப் பாருங்கள், அச்சிட்ட ரசீது கேளுங்கள். நாளை நான் அந்தத் துண்டுத்தாளை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப் போகிறேன்.