கார்ப்பெட்டில் பெயின்ட் கொட்டினால் என்ன செய்வது? முதலில் ரூ. 18,500 போன கதையைக் கேளுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். கறை எடுக்க வந்து காசோடு போன பொடியனுக்கு வேண்டியதும் அதுதான்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். சுவர் வேலை முடிந்து, ஜன்னல் கிறில்லுக்கு எனாமல் என்கிற எண்ணெய்ப் பெயின்ட் அடிக்கும்போது ஏணி தட்டி, கோப்பி நிறப் பெயின்ட் டின் அப்படியே ஹோல் கார்ப்பெட்டில் கவிழ்ந்தது. நீல நிறக் கம்பளிக் கார்ப்பெட், தம்பி டுபாயிலிருந்து கொண்டுவந்தது. வேலைக்கு வந்த பெயின்ட் பாஸை, அதுதான் பெயின்ட் அடிப்பவரை, குறை சொல்லமாட்டேன். மனுஷன் உடனே ஸ்கிரேப்பரை எடுத்து ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தார், பழைய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார், ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை. "டேர்ப்பன்டைனைத் துணியில நனைச்சு மெதுவா எடுக்கலாம் மிஸ், நேரம் போகும்" என்றார்.

அதற்குள் என் கணவர் ஒரு விளம்பரத்தைப் பிடித்துவிட்டார். வீடு, வாகனம், பழைய பிரிட்ஜ் எல்லாம் விற்கிற ஒன்லைன் தளம்தான், பெயர் வேண்டாம். "எந்தக் கறையும் போகும், போகாவிட்டால் காசு திருப்பித் தரப்படும்" என்று போட்டிருந்தது.

வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அம்மாவைக் கண்டதும் "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டான். பருத்தித்துறை என்றதும் "அட, நாங்களும் வடமராட்சிதான்!" என்றான். அவ்வளவுதான், அம்மா தேத்தண்ணி போடப் போய்விட்டார். கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா, பின்னேரத்துக்குள்ள புதுசு மாதிரித் தாறன்" என்றான். கெமிக்கல் வாங்க ரூ. 10,000 முதலில், மிச்சம் ரூ. 8,500 வேலை தொடங்கும்போது. இரண்டையும் வங்கிக் கணக்குக்கே போட்டோம். பற்றுச்சீட்டு? "ஓபிஸிலயிருந்து வாட்ஸ்அப்பில வரும் அக்கா." இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அந்தக் "கெமிக்கல்" வெறும் தின்னர்! கேனைத் திறந்து கறைமேல் நேராக ஊற்றி, பிரஷ்ஷால் தேய் தேயென்று தேய்த்தான். எங்களுடையது பின்பக்கத் துணியை லேடெக்ஸ் பசையால் ஒட்டிய வகை. தின்னர் உள்ளே இறங்கினால் அந்தப் பசையே கரையும், இளகிய பெயின்ட்டும் அதோடு அடிவரை போகும். சாப்பாட்டுத் தட்டளவு இருந்த கறை பாதிக் கார்ப்பெட்டுக்குப் பரவியது. மறுநாள் பின்துணி கழன்று, நடுப்பகுதி அப்பளம் மாதிரிப் பொங்கி நின்றது.

போன் பண்ணினேன். "இன்னும் காயேல்லை அக்கா, காஞ்சாச் சரியாகும்." காய்ந்தது, மணம்தான் கூடியது. அடுத்து, "அது பழைய கார்ப்பெட் அக்கா, நாங்கள் என்ன செய்யிறது?" வரும்போது அது தெரியவில்லையாம்! பிறகு "ஓபிஸோட கதையுங்கோ" என்று ஒரு நம்பர். அதில் ஒரு பெண்பிள்ளை, அவன் தங்கள் ஆள் இல்லை, சப் கொன்ட்ராக்ட் என்றார். காசை வாங்கிய கணக்கு யாருடையது என்று கேட்டதும் லைன் கட். அதன்பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. தளத்துக்கு முறையிட்டால், விளம்பரம் போடத்தான் இடம் தருகிறார்களாம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம். ரூ. 18,500! பெயின்ட் பாஸின் ஒரு போத்தல் டேர்ப்பன்டைனுக்கு இதில் எத்தனையில் ஒரு பங்கு வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கார்ப்பெட்டின் விலையை நான் சேர்க்கவே இல்லை. தம்பிக்கு இன்னும் சொல்லவுமில்லை.

என்ன செய்வது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். சுவருக்கு அடிக்கிற இமல்ஷன் என்றால் காயவிடாதீர்கள், ஈரத்துணியால் மூடி வைத்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஒற்றி எடுங்கள். எனாமல் என்றால் டேர்ப்பன்டைன், அதுவும் துணியில் மட்டும், முதலில் தெரியாத ஒரு மூலையில் வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு. எதையும் கார்ப்பெட்டில் நேரே ஊற்ற விடாதீர்கள். வேலை முடியுமுன் முழுக்காசும் கேட்கிறவனுக்கு வாசலைக் காட்டுங்கள், அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும்.

நீங்களும் மாட்டியிருந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977க்கு எடுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நான் வங்கி ஸ்லிப், படங்கள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, தின்னர் ஊற்றிய அறையில் விளக்கு, ஊதுபத்தி ஒன்றும் கொளுத்தாதீர்கள். அன்று பின்னேரம் அம்மா நெருப்புப்பெட்டியோடு சாமிப்படத்தடிக்குப் போனதை நான் கண்டபடியால் சரி. விளம்பரம் இப்போது வேறு நம்பரோடு மறுபடி வந்திருக்கிறது, படம் அதே பாதி வெள்ளை பாதி அழுக்கு சோஃபாதான். கண்டால் கடந்து போங்கள்.