பழைய காருக்குச் சாவி போட வர்றவங்க கையில பூட்டைக் கழட்டிக் கொடுத்துடாதீங்க

பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு என்று வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக அதை விற்க நினைப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். தொலைந்த சாவிக்குப் பதில் வேறு சாவி போட்டுத் தருகிறேன் என்று வந்த ஒரு ஆளால் எங்கள் அப்பாவுக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட நட்டம். பணமாவது போகட்டும். காரோடு வந்த ஒரிஜினல் சாமானையும் கொண்டுபோய்விட்டான். அதைத்தான் அப்பாவால் இன்னும் தாங்க முடியவில்லை.

கார் 1978 மாடல் பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் செய்தது, 1089 சிசி என்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுச் சாளையில் கூரைக்கடியில் தார்ப்பாய் போட்டு அப்பா காப்பாற்றி வைத்திருந்தார். முழங்கால் வலிக்குப் பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால் விற்றுவிடலாம் என்று முடிவு. பொள்ளாச்சியில் சினிமா படப்பிடிப்புகளுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் ஒருவர் வந்து பார்த்து 2,40,000 ரூபாய்க்குப் பேசினார். "வண்டி அருமையா இருக்குதுங்கய்யா. சாவி மட்டும் ரெடி பண்ணிக் குடுத்துருங்க, மத்ததை நான் பாத்துக்கறேனுங்க" என்று அட்வான்சும் கொடுத்துவிட்டுப் போனார். சாளைக்கு வெள்ளையடித்தபோது சாமான்களை மாற்றி மாற்றி வைத்ததில் சாவிக்கொத்து எங்கேயோ போயிருந்தது. கதவு பூட்டாமல் நின்றதால் உள்ளே ஏற முடிந்தது. இக்னீஷனும் டிக்கியும்தான் பூட்டிக் கிடந்தன.

கோவையிலிருந்து ஒரு ஆள் வந்தான். போனில் மூணு சாவிக்கும் சேர்த்து 2,500 என்றான். வந்தவன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கவே இல்லை. இது யாருடைய வண்டி, உங்களுக்கு எப்படிச் சொந்தம் என்று ஒரு வார்த்தை கிடையாது. நாணயமான சாவிக்காரர் முதலில் கேட்பதே அதைத்தான். கேட்காமல் சாவி போடுகிறவன் நாளைக்கு உங்கள் வண்டியைக் காட்டி வேறொருவன் கேட்டாலும் போட்டுக் கொடுப்பான்.

பையிலிருந்து அவன் முதலில் எடுத்தது டிரில்லிங் மெஷின். இக்னீஷன் பூட்டின் சாவித் துவாரத்துக்குள்ளேயே ஓட்டினான். தரை மேட் முழுக்கப் பித்தளைத் தூள். "பழைய பூட்டுங்க, இதுக்கெல்லாம் சாவி வராது, புதுசு மாத்தினாத்தான் ஆகும்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே கதவுக்குப் போனான். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றாமலே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி, கதவின் உள்பக்க பேடின் ரெக்சினைக் கிழித்தான். உள்ளே இருக்கும் ஹார்டு போர்டும் ஒரு மூலையில் உடைந்தது. கதவுப் பூட்டை மட்டும் சேதாரமில்லாமல், குரோம் கைப்பிடியோடு முழுசாக வெளியே எடுத்தான். அந்த ஒரு இடத்தில் அவன் கை அவ்வளவு நிதானமாக வேலை செய்தது. சாம்பிளுக்கு என்று சொல்லித் தன் பையில் போட்டுக்கொண்டான். டிக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு வெல்டிங்காரரைக் கூப்பிட வேண்டும் என்று விட்டுவிட்டான்.

பிறகு புது இக்னீஷன் சுவிட்ச், புதுக் கைப்பிடி மாட்டி 13,000 ரூபாய் கேட்டான். அதற்கு மேல் 1,500. பூட்டு மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதி வாங்க வேண்டுமாம், அதைத் தானே முடித்துத் தருவானாம். சுத்தப் பொய். ஆர்.சி.யில் இருப்பது சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர். பூட்டு நம்பர், சாவி நம்பர் எதுவும் அதில் ஏறுவதில்லை. காரை விற்கும்போது வேண்டியது உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30. வாங்குபவர் தமிழ்நாட்டுக்காரரென்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு சொல்கிறது. பூட்டுக்கென்று ஒரு படிவமும் கிடையாது. அப்பாவின் வயதையும், அட்வான்ஸ் வாங்கியாகிவிட்ட அவசரத்தையும் பார்த்துக் கறந்த காசு அது. கடைப்பெயரோ ஜி.எஸ்.டி.யோ இல்லாத வெள்ளைத்தாளில் தொகையை எழுதிக் கொடுத்தான். பழைய பூட்டைக் கேட்டு மறுநாள் போன் போட்டபோது, "அது குப்பையில போயிருச்சுங்க" என்றான். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

வாங்குபவர் வந்து பார்த்த அன்றுதான் முழு வண்டவாளமும் தெரிந்தது. சாவியைத் திருகி வண்டியை ஸ்டார்ட் செய்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்பினார், அதற்கும் திரும்பியது. ஆஃப் செய்தும் என்ஜின் நிற்கவில்லை, கியர் போட்டுக் கிளட்சை விட்டுத்தான் நிறுத்தினார். பானெட்டைத் திறந்து, ஸ்பார்க்குக்குக் கரண்ட் ஏற்றிக் கொடுக்கும் இக்னீஷன் காயிலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். என்ஜின் நின்று ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகியும் கை வைக்க முடியாத சூடு. டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் சுவிட்சுக்குப் போகும் வயர்களை நறுக்கி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தான். சாவியை ஆஃப் செய்தாலும் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. பத்மினியில் இருப்பது பாயின்ட் வைத்த இக்னீஷன், அதாவது காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடி விடும் சின்ன சுவிட்ச். என்ஜின் நின்ற நேரத்தில் பாயின்ட் மூடிய நிலையில் இருந்தால் காயிலில் கரண்ட் நிற்காமல் ஓடும். பேட்டரி இறங்கும், காயில் வெந்துபோகும், வயர் பற்றிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஓலைக் கூரைக்கடியில் அந்த வண்டியை அப்படியே நிறுத்தி வைத்திருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அவர் விலையில் 25,000 குறைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. 2028-ல் இந்தக் காரை அப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. விதி பார்ப்பது சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கிறதா என்பதை. ஆனால் அந்த அளவுக்கு ஆசை வைத்து வாங்குகிறவர் கைப்பிடியின் குரோமைக்கூட விரலால் தடவித்தான் பார்ப்பார். கோவை அவிநாசி ரோட்டு ஜீடீ கார் மியூசியத்தைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களிடம் டூப்ளிகேட்டை மறைக்க முடியுமா?

டிக்கியைத் திறக்க அவரே ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். திண்டுக்கல்லில் பூட்டு வேலை பழகியவர். சைக்கிளின் பின்னால் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் அரம், வைஸ், வெட்டாத சாவிகள். வந்ததும், "ஆர்.சி. இருக்குதுங்களா, ஒருக்கா காட்டுங்க" என்றார். அப்பாவுக்கு அந்த ஒரு கேள்வியிலேயே மனசு நிறைந்துவிட்டது. வெட்டாத சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கருக்கினார். துவாரத்தில் விட்டு மெல்ல அழுத்தித் திருகினார். வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கருப்பில் எங்கெங்கே பொட்டு விழுந்திருந்ததோ அந்த இடத்தை மட்டும் அரத்தில் இரண்டு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி துவாரம். பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு உயரம், எல்லாம் சரியாக இறங்கினால்தான் பேரல், அதாவது சாவி நுழையும் உருளை, சுற்றும் என்று வேலை செய்துகொண்டே எனக்குச் சொன்னார். கடைசியில் டிக்கி 'டக்' என்று திறந்தபோது அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பூட்டுக்குள்ளயே சாவி இருக்குதுங்கண்ணா. டிரில் போட்டுட்டா அந்தத் தகடெல்லாம் போயிரும், அப்பறம் பிரம்மா வந்தாலும் சாவி போட முடியாதுங்க." பேரலைக் கழற்றி எடுத்தால் தகடுகளைப் பார்த்தே சாவி வெட்டலாம், பழைய கார்கள் பலவற்றில் பேரலிலோ சாவித் தலையிலோ நம்பரே அடித்திருக்கும் என்றும் சொன்னார். இந்தக் கால வண்டி போல சாவிக்குள் சிப் எதுவும் கிடையாது, வெறும் உலோகம். கூலி 600 ரூபாய் வாங்கினார்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். டிரில்லிங் மெஷினோடு ஆரம்பிக்கிறவரை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். பூட்டு எதையும் உங்கள் கண்ணை விட்டுப் போக விடாதீர்கள். பேரல் தேய்ந்துபோய் மாற்றியே ஆகவேண்டும் என்றாலும் பழையதைக் கையில் வாங்கிய பிறகு காசு கொடுங்கள். முழு கைப்பிடியோடு இருக்கும் ஒரிஜினல் பூட்டுக்கு இன்றைக்கு நல்ல விலை இருக்கிறது, வந்தவனுக்கு அது நன்றாகவே தெரியும். வேலை முடிந்ததும் வண்டி ஓடும்போது சாவியை இழுத்துப் பாருங்கள், ஆஃப் செய்தால் என்ஜின் நிற்கிறதா, கொஞ்ச நேரத்தில் காயில் ஆறுகிறதா என்று பாருங்கள்.

வெள்ளைத்தாளும், போன் பேச்சுப் பதிவும், கிழிந்த கதவின் படங்களும் வைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம்.

கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினோம், டிரைவர் பக்கத்துக் கைப்பிடி அமையவில்லை. ஒரிஜினல் கிடைத்து மாட்டிக் கொடுத்தால் குறைத்த பணத்தில் பாதியைத் தருகிறேன் என்று வாங்கியவர் சொல்லியிருக்கிறார். 1978-ஐ ஒட்டிய பத்மினியின் வலது முன்கதவுக் கைப்பிடி, பூட்டோடு, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். சாவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டிரில் மட்டும் போட்டிருக்கக் கூடாது.