‘தி திங்’ படத்தின் வேர்: கேம்பெல்லா, லவ்கிராஃப்ட்டா?

அண்டார்டிக் பனிக்கண்டத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அசையாமல் கிடந்த வேற்றுலக உயிரை ஆராய்ச்சியாளர்கள் வெளியே எடுக்கிறார்கள். அதன் வாடை பட்டதும் நாய்கள் வெறி பிடித்துக் குரைக்கின்றன. கொஞ்ச நேரத்தில் முகாமில் சாவு விழுகிறது. இந்தச் சுருக்கம் இரண்டு கதைகளுக்கு அப்படியே பொருந்தும். இரண்டும் ஒரே அமெரிக்கப் பத்திரிகையான ‘அஸ்டவுண்டிங்’கில், இரண்டரை ஆண்டு இடைவெளியில் வெளிவந்தவை. எச். பி. லவ்கிராஃப்ட்டின் ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ 1936 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தொடராக வந்தது. ஜான் டபிள்யூ. கேம்பெல்லின் ‘ஹூ கோஸ் தேர்?’ 1938 ஆகஸ்டில், டான் ஏ. ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் வந்தது.

1982-ல் ஜான் கார்பென்டர் எடுத்த ‘தி திங்’ டைட்டிலில் இருப்பது கேம்பெல் பெயர்தான். ஆனாலும் பிரபஞ்சத்தின் முன் மனிதன் ஒன்றுமில்லை என்ற பயத்தைப் பேசும் காஸ்மிக் ஹாரரின் ரசிகர்கள் பலர் அந்தப் படத்தை லவ்கிராஃப்ட் கணக்கில்தான் எழுதுகிறார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று பார்க்கத்தான் இந்த அலசல். படத்தின் முடிவையும் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் கேம்பெல். அவர் கதையில் 37 பேர் ஒரே முகாமில் அடைந்து கிடக்கிறார்கள். பனிக்கட்டியிலிருந்து உருகி எழுந்த உயிர், தான் தின்ற உயிரின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. உருவம் மட்டுமா, தின்னப்பட்டவரின் பேச்சு, நினைவு, நடத்தை எல்லாமே அதற்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவன் மனிதனா என்று யாருக்கும் தெரியாது. படத்தின் உயிர்நாடி இதுதான், இது முழுக்க கேம்பெல் கொடுத்தது. மெக்ரெடி, பிளேர், காப்பர், நோரிஸ், கேரி என்ற பெயர்கள்கூட அங்கிருந்து வந்தவை. பைத்தியம் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும் பிளேரைத் தனிக் கொட்டகையில் பூட்டி வைப்பது, அவன் உள்ளே ரகசியமாக ஒரு கருவி செய்வது, சூடான கம்பியை இரத்தத்தில் வைத்துப் பார்க்கும் சோதனை எல்லாம் கதையிலேயே இருக்கின்றன. உடம்பின் ஒவ்வொரு துளியும் தனி உயிர், அதனால் இரத்தம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓடும் என்கிற அந்தத் தர்க்கம் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. பயத்தையும் அறிவியல் முறையையும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய காட்சிகள் குறைவு.

கேம்பெல் இதை லவ்கிராஃப்ட்டிடமிருந்து எடுத்தாரா? அவர் 1934 முதலே ஸ்டூவர்ட் பெயரில் அஸ்டவுண்டிங்கில் எழுதியவர். 1937 இறுதியில் அதன் ஆசிரியராகவும் ஆனார். லவ்கிராஃப்ட்டின் தொடர் அவர் கண்ணில் படாமல் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அதை வைத்துக் கடன் என்று தீர்ப்பு எழுத முடியாது. 1936 டிசம்பரில் வேறொரு பத்திரிகையில் வந்த ‘தி பிரெய்ன் ஸ்டீலர்ஸ் ஆஃப் மார்ஸ்’ கதையில், பார்த்த உருவத்தை நகல் எடுக்கும் உயிர்களை அவர் ஏற்கெனவே கையாண்டிருக்கிறார். அந்தக் கதை நடப்பது செவ்வாயில், தொனியும் இலகுவானது. போலி மனிதன் என்ற யோசனை அவருக்குள் தனியாகவே வளர்ந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சரி, அப்படியானால் லவ்கிராஃப்ட்டுக்கு என்ன மிச்சம்? நிறையவே இருக்கிறது.

படத்தில் வரும் நார்வே முகாம் கேம்பெல் கதையில் கிடையாது. விண்கலத்தைக் கண்டுபிடிப்பதும், பனிக்கட்டியை முகாமுக்குக் கொண்டுவந்து உருக வைப்பதும் அதே ஆட்கள்தான். படத்தில் இந்த வேலையெல்லாம் வேறு ஒரு குழு செய்து முடித்து, செத்தும் போய்விட்டது. மெக்ரெடியும் டாக்டர் காப்பரும் ஹெலிகாப்டரில் போய் இறங்கும்போது எரிந்த கட்டடமும், தன்னைத்தானே வெட்டிக்கொண்டு உறைந்து போன மனிதனும், உள்ளே குழி விழுந்த பனிக்கட்டியும்தான் இருக்கின்றன. லவ்கிராஃப்ட் படித்தவர்களுக்கு இங்கே லேக்கின் முகாம் நினைவுக்கு வரும். பேராசிரியர் லேக் ஒரு குகைக்குள் 14 வேற்றுலக உடல்களைக் கண்டெடுத்து, உற்சாகமாக வயர்லெஸ்ஸில் செய்தி மேல் செய்தி அனுப்புகிறார். பிறகு மௌனம். கதைசொல்லியான டையர் விமானத்தில் போய்ப் பார்த்தால் மனிதர்களும் நாய்களும் செத்துக் கிடக்கிறார்கள், 14 உடல்களில் சிதையாமல் இருந்த எட்டும் காணவில்லை. நடந்து முடிந்த ஒரு கொடுமையின் மிச்சத்தைப் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று நாமே ஊகிக்கும் இந்த முறை லவ்கிராஃப்ட்டுடையது. திரைக்கதை எழுதிய பில் லங்காஸ்டர் தெரிந்துதான் செய்தாரா என்பது வேறு கேள்வி, விளைவு அதேதான்.

அப்புறம் உடம்பு. கேம்பெல்லின் பிராணிக்கு மூன்று சிவந்த கண்களும் புழுப்போல நெளியும் நீல முடியும் உண்டு, அதாவது அதற்கென்று ஒரு சொந்த முகம் இருக்கிறது. படத்தில் அப்படி எதுவும் இல்லை. படத்தின் ஒப்பனை உருமாற்றங்களைச் செய்த ராப் பாட்டின் உருவாக்கியது கண்ணும் வாயும் காலும் நினைத்த இடத்தில் முளைத்து மறையும் ஒரு சதைக்குழம்பு. இதற்கு மிக நெருங்கிய உறவு லவ்கிராஃப்ட்டின் ஷோகோத், லேக் கண்டெடுத்த இனம் வேலைக்காகப் படைத்த அடிமை உயிர். அதற்கு நிலையான உறுப்பு இல்லை. வேண்டும்போது கண்களை உண்டாக்கி வேண்டாதபோது கரைத்துவிடும். தன்னைப் படைத்த எஜமானர்களின் குரலை நகல் எடுக்கவும் கற்றுக்கொண்டது. பாட்டினுக்கு அப்போது இருபதைத் தாண்டிய சில வயதுதான். ரப்பரும் ரசாயனமும் வைத்து அவர் செய்ததற்கு ஈடான உருமாற்றத்தைக் கணினி வரைகலையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது, முடிவு. கேம்பெல்லிடம் மனிதன் ஜெயிக்கிறான். பத்துக்கும் மேற்பட்ட போலிகள் சோதனையில் சிக்குகிறார்கள். கடைசியாக பிளேரையும் கொல்கிறார்கள், உலகம் தப்பிக்கிறது. கேம்பெல் பிற்காலத்தில் ஆசிரியராக வளர்த்த அறிவியல் புனைகதையின் நம்பிக்கையே அதுதான்: மூளையைப் பயன்படுத்தினால் வழி பிறக்கும். கார்பென்டர் அதே சோதனையை வைத்துக்கொண்டு அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டார். எரியும் முகாமுக்கு முன்னால் மெக்ரெடியும் சைல்ட்ஸும் உட்கார்ந்து ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இருவரில் யார் மனிதன் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. மெக்ரெடி மீட்கப்பட்டு, சோதனையில் மனிதன் என்று உறுதியாவதுபோல் ஒரு காட்சி எடுத்தும் வைத்திருந்தார்கள், அதைப் பயன்படுத்தவில்லை. நல்ல வேளை. கார்பென்டரின் சாய்வு எந்தப் பக்கம் என்பதற்கு அவருடைய பின்னாளைய ‘இன் தி மவுத் ஆஃப் மேட்னஸ்’ படத் தலைப்பே போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும், படத்தை லவ்கிராஃப்ட் கதை என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. லேக் அந்த உயிர்களில் ஒன்றை அறுத்துப் பார்த்தார். விழித்தெழுந்த உயிர்களும் ஒரு மனிதனையும் நாயையும் அறுத்துப் பார்த்தன, அதே ஆர்வத்தோடு. அந்த உயிர்கள் கட்டிய புதைந்த நகரத்தின் சுவர்ச் சிற்பங்களில் அவற்றின் வரலாற்றைப் படித்த டையர், கடைசியில் அவற்றுக்காக இரங்குகிறார். அவையும் நம்மைப்போல அறிவைத் தேடியவை, தங்கள் அடிமைகளாலேயே அழிந்தவை என்று புரிந்துகொள்கிறார். பூமியின் உயிர்கள் எல்லாம் அவை போகிற போக்கில் உண்டாக்கியவையாக இருக்கலாம் என்ற செய்திதான் அங்கே நடுக்கத்தைத் தருகிறது. மனித இனத்துக்கு அந்த வரலாற்றில் ஓர் ஓரம்தான் கிடைக்கிறது. ‘தி திங்’ படத்தின் பயம் இவ்வளவு விரிந்தது அல்ல. அது 12 ஆண்கள், ஒரு அறை, சந்தேகம். அந்த உயிருக்கு வரலாறும் இல்லை, அதன்மேல் நமக்கு இரக்கமும் வருவதில்லை. கதையும் பயத்தின் மையமும் கேம்பெல்லுடையவை. உருவமும் கைவிடப்பட்ட உணர்வும் லவ்கிராஃப்ட் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவை.

லவ்கிராஃப்ட்டின் அந்தப் பெரிய கதை இன்னும் முழுநீளப் பெரிய படமாக வரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். கியர்மோ டெல் டோரோ பல வருடம் முயன்றார். ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பு, டாம் க்ரூஸ் நடிப்பு, சுமார் 15 கோடி டாலர் செலவு என்றெல்லாம் பேச்சு நடந்தது. பெரியவர்களுக்கான ‘ஆர்’ சான்றிதழோடு அவ்வளவு பணம் போட யுனிவர்சல் தயாராக இல்லை, 2011-ல் திட்டம் நின்றது. அடுத்த வருடம் ‘ப்ரோமிதியஸ்’ படம் வெளிவர இருந்தபோது, இரண்டு கதைகளும் மிகவும் ஒத்துப்போகின்றன என்று டெல் டோரோவே கவலைப்பட்டார். 2022-ல் பழைய சோதனைக் காட்சி ஒன்றை வெளியிட்டார். என்றாவது அந்தப் படம் வந்தால், பார்வையாளர்கள் ‘தி திங்’ போல ஒன்றை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். டையரின் இரக்கத்தை விட்டுக்கொடுக்காமல் எடுத்தால்தான் அது வேறு படமாக இருக்கும்.

எதை முதலில் படிப்பது என்று கேட்டால், கேம்பெல்லை ஒரே மூச்சில் படித்துவிடலாம், அதற்கு அடுத்த நாளே படத்தைப் பாருங்கள். லவ்கிராஃப்ட்டுக்கு அவகாசம் வேண்டும். சிற்பங்களை விவரிக்கும் நடுப்பகுதி நீளமாகத் தோன்றும், தாண்டிவிட வேண்டாம். கடைசியில் சுரங்கப்பாதைக்குள் டையரும் அவருடன் போன மாணவர் டான்ஃபோர்த்தும் ஓடும் ஓட்டத்துக்கான பயம் முழுவதையும் அவர் அந்தப் பக்கங்களில்தான் சேர்த்து வைத்திருக்கிறார்.