பழியெல்லாம் பனிமேல்: காசு கொடுத்துக் கட்டச்சொன்ன யமாட்டோவில் நாங்கள் கண்டவை

நீலகிரியில் பிளாஸ்டிக் கப்பல் மாடல் கட்டித்தரச் சொல்லி யாரிடமாவது முன்பணம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் கையில் ஒரு தையல் டேப்பும் இந்தப் பதிவும் இருக்கட்டும்.

கேட்டது ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ, 1/350 அளவு, 1945 ஏப்ரலில் கடைசியாகப் புறப்பட்டபோது இருந்த தோற்றம். பில்லில் ஐந்து வரி: டமியா (ஜப்பானிய மாடல் நிறுவனம்) கிட், பித்தளை ஃபோட்டோ எட்ச் (வலை, ஏணி போன்ற நுண்ணிய தகட்டு உறுப்புகள்), உலோகப் பீரங்கிக் குழல்கள், தளத்தில் ஒட்டும் மரத்தாள், கட்டுக்கூலியும் பெயிண்டும். மொத்தம் 42,000 ரூபாய், முன்பணம் 25,000. செய்தவர் ஊட்டியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். புகார் நடப்பதால் பெயர் போடவில்லை.

ஒவ்வொரு குறைக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஊட்டிப் பனிங்க சார், நம்ம கையில என்னங்க இருக்கு? கீழ கோயமுத்தூர்ல வெச்சு அடிச்சிருந்தா இப்படி ஆயிருக்காதுங்க." பனி செய்தது எது, கை செய்யாமல் விட்டது எது என்று தெரியாதவர்கள் இந்தப் பதிலோடு அடங்கிவிடுவார்கள். எங்கள் கணக்கில் பனியின் பங்கு ஒரே ஒரு குறையில்தான், அதுவும் பாதி.

முதலில் நீளம். அசல் கப்பல் 263 மீட்டர், அகலம் 38.9 மீட்டர். 350-ஆல் வகுத்தால் 75.1 செ.மீ. நீளமும் 11.1 செ.மீ. அகலமும் வரவேண்டும். வந்தது 65.7 நீளம், 9.7 அகலம். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைகிறது, அது 1/400. எந்தப் பனியிலும் பிளாஸ்டிக் ஒன்பது செ.மீ. சுருங்காது. "கொடிக்கம்பத்தைச் சேர்த்து அளக்கலை சார்" என்றார். சேர்த்தாலும் ஒரு செ.மீ.கூட ஏறாது.

கவிழ்த்துப் பார்த்ததும் மீதியும் தெரிந்துவிட்டது. யமாட்டோவுக்கு விசிறி (புரொப்பல்லர்) நான்கு. சுக்கான் இரண்டு, நடுக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக. வந்த கப்பலில் விசிறி இரண்டுதான், அவற்றின் தண்டு வடைக்குத்தும் கம்பி மாதிரித் தடிமன். அடிவயிற்றின் நடுவே செவ்வகமாக ஒரு கோடு, மேலே பட்டி வைத்து இழுத்து மூடியது. பேட்டரி மூடி. தொட்டியில் ஓடவிடும் மோட்டார் பொம்மைக் கிட்டை வாங்கிக் கட்டியிருக்கிறார்.

கிட் மாறினால் பில்லின் மற்ற வரிகளும் தானாகவே பொய்யாகும். 1/350-க்கு வெட்டிய மரத்தாள் 1/400 தளத்தில் உட்காராது. வலைகளும் ஏணிகளும் உட்காரா. ஆக அவற்றை அவர் வாங்கவே இல்லை. தளத்தில் இருந்தது வெறும் மஞ்சள் பெயிண்ட். உலோகக் குழலுக்குப் பதில் பிளாஸ்டிக் குழல். இதைக் கண்டுபிடிக்கக் காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். அசல் உலோகக் குழல் பித்தளை அல்லது அலுமினியம், எப்படியும் காந்தத்தில் ஒட்டாது. குழலின் இரு பக்கத்திலும் நீளவாக்கில் மயிரிழைபோல ஒரு கோடு ஓடுகிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். அது அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடம்; கடைந்தெடுத்த உலோகத்தில் அந்தக் கோடு வர வழியே இல்லை. அடுத்து வாய். 46 செ.மீ. பீரங்கி 1/350-இல் 1.3 மி.மீ. துளை. குண்டூசி முனை தாராளமாக உள்ளே போகவேண்டும். எங்களுக்கு வந்த ஒன்பது குழலுக்கும் வாய் அடைப்பு, மேலே கறுப்பு மையால் ஒரு புள்ளி.

ஆண்டும் தவறு. யமாட்டோ 1941 டிசம்பரில் பணிக்கு வந்தபோது 15.5 செ.மீ. பீரங்கிக் கூண்டு நான்கு இருந்தது: முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. 1944 தொடக்கத்தில் பக்கவாட்டுக் கூண்டு இரண்டையும் கழற்றிவிட்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளை ஏற்றினார்கள். எங்களுக்கு வந்ததைப் போல 1945 கப்பலில் பக்கவாட்டுக் கூண்டு இருந்தால் கட்டியவர் படத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று பொருள். இதை முன்பே நாங்கள் மோப்பம் பிடித்திருக்க வேண்டும். அவருடைய விளம்பரப் பட்டியலில் "பேட்டில்ஷிப்" தலைப்பின்கீழ் எம்டனும் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே எம்டன். நம் ஊரில் தந்திரக்காரனுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஆனால் அது லைட் குரூசர் என்ற சிறிய வகைப் போர்க்கப்பல், 118 மீட்டர், பெரிய பீரங்கியே 10.5 செ.மீ.தான்.

நிறத்துக்கு வருவோம். யமாட்டோ கட்டப்பட்டது குரே கடற்படைத் தளத்தில். ஜப்பானியக் கடற்படைச் சாம்பலை டமியா நிறுவனம் அந்தந்தக் கடற்படைத் தளத்துக்கு ஒரு குப்பியாக விற்கிறது: எக்ஸ்எஃப்-75 குரே, 77 சசெபோ, 87 மைசுரு. எங்களுக்கு வந்தது எதிலும் சேராத நீலச்சாம்பல், கதவுக் கிரில்லுக்கு அடிப்பது போல. நீர்மட்டக் கோட்டில் சுற்றிலும் கறுப்புப் பட்டை வேறு. அது அமெரிக்கக் கப்பல்களின் வழக்கம். யமாட்டோவில் சாம்பல் நேராக அடிப்பாகத்தின் சிவப்பைத் தொடும், நடுவில் ஒன்றும் கிடையாது. சிவப்பும் சாம்பலும் சேரும் இடத்தில் கோடு பிசிறினால் அதை மறைக்கச் சிலர் கறுப்பு டேப் ஒட்டுவார்கள். இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. பட்டையின் ஓரத்தில் நகத்தை வைத்தால் சிவப்பு கசிந்த இடம் தெரிந்தது. பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் டேப்பின் விளிம்பில் முதலில் அடிநிறத்தையோ நிறமற்ற கிளியரையோ மெல்ல ஒரு கோட் அடித்து அடைத்துவிட்டுப் பிறகு அடுத்த நிறம் அடித்தால் கசியவே கசியாது. பத்து நிமிட வேலை.

இனி அந்த வெள்ளை. கப்பலின் மேற்பாகம் முழுக்கப் பால் தெளித்தது போல ஒரு மங்கல். பனிமேல் பழி போடுவது இதில்தான் கொஞ்சம் எடுபடும் என்பதால் நிதானமாகவே சொல்கிறோம். லாக்கர் வகை பெயிண்டிலும் மினுக்கமில்லாத மேட் கிளியரிலும் உள்ள தின்னர் வேகமாகப் பறக்கும். பறக்கும்போது பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் கனத்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் திவலையாக இறங்கி, காயாத படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெயிண்ட் பூத்துவிடும். ஊட்டியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும், இது சாதாரணம். அதற்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை. இருநூறு முந்நூறு ரூபாய் ஈரமானி ஒன்றை மேசையில் வைத்து, 80 சதவீதத்துக்குமேல் காட்டினால் அன்று லாக்கரைத் தொடாமல் பட்டி பார்ப்பது, ஒட்டுவது என்று வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். அடித்தே ஆகவேண்டுமென்றால் தின்னரில் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்து மெல்லிய கோட்டாக அடிக்கலாம். ஸ்ப்ரே டின்னை 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் குளிரில் அழுத்தம் குறைந்து துப்பாது. அடுப்பிலும் கொதிநீரிலும் வைக்கவே கூடாது, வெடிக்கும். பூத்துப்போனதும் கைவிட்டுப்போனது அல்ல. வெயில் அடிக்கும் நாளில், பதினொரு மணிக்குமேல், ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, நிறம் திரும்பிவிடும். அவர் அதையும் செய்யவில்லை.

வெள்ளை எல்லாமே பனி அல்ல என்பதுதான் முக்கியம். மேற்பரப்பு முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தால் பூத்தது. ஒட்டிய இடங்களைச் சுற்றி மட்டும் உறைபனி போலப் படிந்திருந்தால் அது சூப்பர் குளூவின் ஆவி. காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் வைத்துக் காயவிட்டால், அல்லது தேவைக்குமேல் ஊற்றினால் வரும். மூலை முடுக்குகளில் தேங்கிக் காய்ந்திருந்தால் மேட் கிளியரைக் குலுக்காமல் கனமாக அடித்தது. விரலில் மணல் போலச் சொரசொரத்தால் தூரத்திலிருந்து அடித்து, பெயிண்ட் வழியிலேயே காய்ந்து விழுந்தது. எங்கள் கப்பலில் நான்குமே இருந்தது.

கொடியின் டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஓரங்களில் வெள்ளி போல மினுங்கியது. "உள்ளே மிஸ்ட் புகுந்திருச்சுங்க" என்றார். புகுந்தது காற்று. மேட் பரப்பு நுண்ணியதாகக் கரடுமுரடானது. டெக்காலை அதன்மேல் ஒட்டினால் குழிகளில் காற்று தங்கும். முதலில் பளபளக் கிளியர், அது காய்ந்தபின் டெக்கால், மேலே டெக்காலை இளக்கிப் படியவைக்கும் மைக்ரோ சால் அல்லது மார்க் ஃபிட் திரவம் ஒரு தடவல், கடைசியில்தான் மேட். இந்த வரிசையை மாற்ற எந்த ஊர் வானிலையும் சொல்லாது.

கம்பிக் கயிறுகளுக்குத் தையல் நூல் கட்டியிருந்தார். 0.2 மி.மீ. நூல் 1/350-இல் ஏழு செ.மீ. தடிமன் வடம், தேர் இழுக்கலாம். பஞ்சு நூலுக்கு ஈரம் ஏறி இறங்குவதற்கேற்ப இறுகித் தளரும் குணமும் உண்டு, பிசிறும் உண்டு. கிட்டின் கழிவுச் சட்டத்தையே (உறுப்புகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குச்சி) மெழுகுவத்தி மேல் காட்டி, இளகியதும் இழுத்தால் மயிரைவிட மெல்லிய இழை வரும். ஒரு முனையை ஒட்டி, மறுமுனையை ஒட்டி, தொய்வு இருந்தால் ஊதுபத்தியின் சுடரை அணைத்துவிட்டு, கங்கின் சூடு மட்டும் படும்படி கீழே மெல்லக் கொண்டுபோனால் விண்ணென்று இறுகும். கங்கு தொட்டால் அறுந்துவிடும், அவ்வளவுதான் ஆபத்து. தொந்தரவு வேண்டாம் என்றால் ரப்பர்போல நீளும் ஈஸி லைன் நூல் இருக்கிறது.

கொடிமரம் மூன்றாம் நாளே ஒடிந்தது. அடியில் கறுத்த விரிசல். எனாமல் தின்னரில் கரைத்த கறுப்பு வாஷை (இடுக்குகளை எடுத்துக்காட்டத் தடவும் நீர்த்த பெயிண்ட்) ஊற்றித் துடைத்திருக்கிறார். இழுவிசையில் நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக்கின் இணைப்புக்குள் அந்தத் தின்னர் இறங்கினால் வெடிக்கும். வாஷுக்கு முன் கிளியர் கோட் போட்டுத் தடுக்கவேண்டும், தூரிகையில் தொட்டுத் தொட்டு வைக்கவேண்டும்.

பீடத்தைப் பற்றி ஒரே வார்த்தை: குளூ கன். ஊட்டியிலிருந்து அருவங்காடு வருவதற்குள் கப்பல் தனி, பலகை தனி. உடலை மூடுமுன் உள்ளே இரண்டு எம்3 நட்டை எபாக்சியில் பதித்து, அடியிலிருந்து போல்ட்டால் முறுக்கினால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலும் அசையாது. மூடியபிறகு இதைச் செய்ய வழியில்லை. அதனால் மூடுமுன் திறந்த உடலின் உட்புறத்தையும் ஒரு படம் கேளுங்கள்.

படம் கேட்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். முடிந்த கப்பலின் படத்தை மட்டும் அனுப்புபவரிடம் பணம் தராதீர்கள். பெட்டி திறந்ததும் சட்டங்கள் எல்லாவற்றையும் பரப்பி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம். ஒட்டிப் பட்டி பார்த்து, பெயிண்ட் படாத நிலையில் ஒன்று. 400, 600, 1000 என்று உப்புத்தாள் தேய்த்த கோடுகள் அதில் தெரியவேண்டும். அடிப்பூச்சான பிரைமர் அடித்தபின் ஒன்று. பிரைமரின் சாம்பல்தான் விடுபட்ட இடுக்கையெல்லாம் காட்டிக்கொடுக்கும். பிறகு நிறம் முடிந்து கயிறு கட்டுமுன் ஒன்று. இந்த நான்கில் ஒவ்வொரு படத்துக்கும் கால் பங்கு பணம். கடைசியில் காலிப் பெட்டி, விளக்கத்தாள், கழிவுச் சட்டங்கள் எல்லாம் உங்களிடம் வரவேண்டும். சட்டத்தின் ஓரத்தில் தயாரிப்பாளர் பெயர் அச்சிலேயே இருக்கும். "குப்பையில போட்டுட்டேங்க" என்ற பதில் எங்களுக்கு வந்தது. வேறு கிட் என்பதற்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டியதில்லை. பில்லில் அளவு, கிட்டின் தயாரிப்பாளர், எண், எந்த ஆண்டுத் தோற்றம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எங்கள் பில்லில் "1/350" என்று அவர் கையாலேயே எழுதியிருந்ததுதான் இப்போது கைகொடுக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். அதில் தீராவிட்டால் உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். டேப் வைத்து அளந்த படம், பில், பணம் போன ரசீது, பேசிய வாட்ஸ்அப், இவ்வளவு போதும். மீதி 17,000-ஐ நாங்கள் கொடுக்கவில்லை.

கப்பல் சாட்சி என்பதால் அதைத் தொடவில்லை. வழியில் கழன்று விழுந்த பக்கவாட்டுக் கூண்டு ஒன்றை மட்டும், படம் எடுத்துக்கொண்டு, டெட்டாலில் ஓர் இரவு ஊறப்போட்டோம். அக்ரிலிக் பெயிண்டை அது கழற்றும்; தேய்த்து முடிக்கும்வரை தண்ணீர் படக்கூடாது, பட்டால் பசையாகி அப்பிக்கொள்ளும். காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் நீலச்சாம்பல் ஒரே தோலாக உரிந்து வந்தது. அடியில் பிரைமர் இல்லை. அச்சிலிருந்து பிடுங்கிய எண்ணெய்ப் பிசுக்கோடு, பளபளவென்று கறுப்புப் பிளாஸ்டிக்.