ஜெராக்ஸைச் சுமப்பது யார்? எஸ்தோனியா, இந்தியா, சிங்கப்பூர்

ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு இ-சேவை மையத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கல்லூரிச் சேர்க்கை நேரம் என்பதால் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று சான்றிதழ் கேட்டு வரிசை வாசல்வரை வந்துவிடும். போன வருஷம் எனக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் மையத்துப் பையன், "அக்கா, போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றான். "அந்த நம்பர் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குப்பா, அவர் வேலைக்குப் போயிட்டாரே" என்றார். கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. ஒருவழியாக எடுத்தபோது ஓடிபிக்கு ஆயுள் முடிந்திருந்தது. அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் கவருக்குள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், மகளின் மாற்றுச் சான்றிதழ் ஜெராக்ஸ். முக்கால்வாசி அரசாங்கமே கொடுத்த காகிதங்கள். அதே அரசாங்கத்திடம் காட்டத்தான் எடுத்து வந்திருந்தார்.

எந்த நாட்டின் மின்னாளுமையைப் பற்றி, அதாவது இணையவழி அரசுச் சேவையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குத் தகவலைச் சுமந்துபோவது யார்?

எஸ்தோனியாவில் அந்தச் சுமை அரசின் தலையில். 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட நாடு அது. ஜனத்தொகை ஏறக்குறைய 13 லட்சம்; நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். 2001இல் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பை நிறுவினார்கள். எல்லாத் தகவலையும் ஒரே கிடங்கில் கொட்டுகிற ஏற்பாடு அவர்களுடையது இல்லை. மக்கள்தொகைப் பதிவேடு அதன் இடத்தில், மருத்துவப் பதிவு அதன் இடத்தில், வாகனப் பதிவு அதன் இடத்தில். ஒரு துறைக்கு இன்னொரு துறையிடமிருந்து தகவல் வேண்டுமென்றால் பூட்டிய குழாய் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். யார் கேட்டார், எப்போது கேட்டார் என்பது பதிவாகும். ஒரு முறை கொடுத்த தகவலை மறுபடி கேட்டு மக்களை அலைக்கழிக்கக் கூடாது என்பது அங்கே விதி.

குழந்தை பிறந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மருத்துவமனையே பதிவேட்டுக்குச் செய்தி அனுப்பிவிடும். பெற்றோர் இணையத்தில் நுழைந்து பெயர் வைக்கிறார்கள். 2019 முதல் குடும்ப உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கக்கூட வேண்டாம். "உங்களுக்கு இவ்வளவு சேரும், சம்மதமா?" என்று அரசே கேட்கும். நம் ஊரில் உதவித்தொகை என்றாலே விண்ணப்பம், விண்ணப்பம் என்றாலே இணைப்பு, இணைப்பு என்றாலே ஜெராக்ஸ் கடை.

அங்கே அடையாள அட்டைக்கு இரண்டு ரகசிய எண்கள். நான்கு இலக்க எண் உள்ளே நுழைய. ஐந்து இலக்க எண் கையெழுத்துப் போட. அட்டைச் சில்லுக்குள் ஆளை அடையாளம் காட்டும் மின் சாவி இருக்கிறது. 2017இல் அந்தச் சில்லிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 7,60,000 அட்டைகள் மாட்டிக்கொண்டன. அரசு அதை மூடி மறைக்கவில்லை. செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னது. நவம்பரில் பழைய சாவிகளை முடக்கியது. மக்கள் புதுச் சாவி போட்டுக்கொண்டார்கள். கெட்டுப்போனால் மாற்ற முடிகிற சாவி என்பதால்தான் இது முடிந்தது.

இந்தியாவின் சாவி விரல் நுனியில் இருக்கிறது. விரலை மாற்ற முடியாது.

ஆனாலும் ஆதார் ஏன் கைரேகைக்குப் போனது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 2009இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி தலைமையில் வேலை தொடங்கியபோது, பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ கையில் இல்லாதவர்கள் நாட்டில் கோடிக்கணக்கில் இருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு பெயரில் பதிவதைத் தடுக்க உடம்பைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தேம்ப்லி என்ற கிராமத்தில் முதல் எண் கொடுக்கப்பட்டது. இன்று 130 கோடியைத் தாண்டிவிட்டது. இந்த அளவை எஸ்தோனியாவோடு ஒப்பிட்டு "பார், அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்" என்று மட்டம் தட்டுவது எனக்குப் பிடிக்காது.

ஆனால் பழுது எங்கே தெரியும் என்றால் ரேஷன் கடையில். எங்கள் தெருவில் பூண்டு உரித்தே விரல் தேய்ந்துபோன பாட்டி ஒருவர் இருக்கிறார். கடைக்காரர் "ஈரத்தைத் துடைச்சிட்டு வைங்க பாட்டி" என்பார். வலது பெருவிரல், இடது பெருவிரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையாக வைப்பார். கருவி சிவப்பு காட்டும். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இப்போது கருவிழிக் கருவி வந்திருப்பதால் அவருக்கு அரிசி கிடைத்துவிடுகிறது. அது வருவதற்கு முன் எத்தனை நாள் வெறும் பையோடு திரும்பியிருப்பார் என்பது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

டிஜிலாக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சான்றிதழ்களை இணையத்தில் வைத்துக்கொள்ள அரசு கொடுத்த பெட்டகம் அது, 2015இல் வந்தது. அதில் அரசுத் துறை ஏற்றிய ஆவணம் சட்டப்படி மூலச் சான்றுக்குச் சமம். எஸ்தோனியாவின் யோசனைக்கு நாம் மிக அருகே வந்த இடம் அதுதான். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர், "சரிங்க, ஒரு பிரின்ட் அவுட் எடுத்துட்டு வந்துடுங்க" என்கிறார். தொழில்நுட்பம் முடிந்த இடத்தில் பழக்கம் உட்கார்ந்திருக்கிறது.

சிங்கப்பூர் வசதிக்குப் பேர்போனது. அரசுச் சேவைகளுக்குள் நுழைவதற்கான அடையாளமாக 2003இல் கடவுச்சொல்லோடு தொடங்கிய சிங்பாஸ், 2018இல் செயலியாகவும் வந்தது. அரசிடம் இருக்கும் நம் விவரங்களைப் படிவத்தில் நிரப்பித் தரும் மைஇன்ஃபோ வந்த பிறகு வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்தில்கூட பெயர், முகவரி எல்லாம் தானாக நிரம்பிவிடும். நாம் சரிபார்த்துச் சம்மதம் சொன்னால் போதும். செயலி தமிழிலும் உண்டு. வயதானவர்களுக்குப் போனைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க 2020இலிருந்து டிஜிட்டல் தூதர்களை அமர்த்தினார்கள். வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் என் ஓட்டு சிங்கப்பூருக்குத்தான்.

அங்கே எனக்கு உறுத்துவது வேறு. கொரோனா காலத்தில் டிரேஸ்டுகெதர் என்ற செயலியைக் கொண்டுவந்தபோது, தொற்றுத் தொடர்பு அறிய மட்டுமே என்றார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தகவலை எடுக்கலாம் என்று நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. முணுமுணுப்பு எழுந்த பிறகு, கொலை போன்ற கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று பிப்ரவரியில் சட்டம் போட்டார்கள். பிறகாவது சட்டம் போட்டது நல்லதுதான். ஆனால் மக்கள் அதற்குள் செயலியைப் போனில் ஏற்றி மாதக்கணக்காகியிருந்தது.

இங்கேதான் எஸ்தோனியாக்காரர் ஒரு படி மேலே நிற்கிறார். தன் பதிவை எந்த அலுவலகம் எப்போது திறந்து பார்த்தது என்பதை அவரே இணையத்தில் பார்க்கலாம், காரணம் கேட்கலாம். வேலையில்லாமல் எட்டிப் பார்த்தவர்கள்மீது நடவடிக்கை பாய்ந்ததும் உண்டு. நமக்கும் ஆதார் தளத்தில் எந்த நிறுவனம் எப்போது சரிபார்த்தது என்ற பட்டியல் கிடைக்கும். கைரேகையைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கிறது. தாலுகா ஆபீசில் என் கோப்பை யார் திறந்தார் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வராது.

ஆக, எனக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தால் எஸ்தோனியாவின் அந்தப் பார்வைப் பட்டியலைத்தான் எடுப்பேன். இணையவழி வாக்குப்பதிவை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பதிலுக்கு அவர்களுக்கு நம் இ-சேவைப் பையனைக் கொடுக்கலாம். அன்று அவன் அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பவில்லை. விண்ணப்பத்தைப் பாதியில் சேமித்து வைத்துவிட்டு, "மத்தியானம் அண்ணன் சாப்பிட வருவாருல்ல, வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க அக்கா, நான் கூப்பிடறேன்" என்று தன் நம்பரைக் கவரின் மேலேயே எழுதிக் கொடுத்தான்.