வாலில் ஒரு பெயர், ஓட்டுவது இன்னொருவர்: அமெரிக்கப் பிராந்திய ஜெட் சேவை

அமெரிக்காவில் சிறு நகரம் ஒன்றுக்குப் போக யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகிய பெரிய விமான நிறுவனங்களில் எதில் டிக்கெட் எடுத்தாலும், கடைசிக் கட்டப் பயணம் பெரும்பாலும் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற பிராந்திய நிறுவனம் ஒன்றின் விமானத்தில்தான் அமைகிறது. டிக்கெட்டை விற்பதும் எரிபொருள் செலவை ஏற்பதும் பெரிய நிறுவனம்; பேசிய தொகைக்கு விமானத்தை ஓட்டிக் கொடுப்பது சிறிய நிறுவனம். இருக்கைகள் நிரம்பாவிட்டாலும் அதற்குப் பணம் வந்துவிடும் என்பதால், சிக்கனமாக ஓட்டுவதில்தான் அதன் லாபம் இருக்கிறது.

சேவையின் தரம் விமான வகையைப் பொறுத்தே அமைகிறது. ஐம்பது பேர் அமரும் சிஆர்ஜே-200 விமானத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடலாம். ஜன்னல் தோளுக்குக் கீழே இருப்பதால் வெளியே பார்க்கக் குனிய வேண்டும்; சக்கரம் வைத்த கைப்பெட்டி மேல்தட்டில் நுழையாததால், அதை வாசலிலேயே கொடுத்துவிட்டு, இறங்கிய பின் குளிரில் நின்று வாங்க வேண்டும். எம்ப்ரேயர் 175 விமானமோ நடு இருக்கையே இல்லாத, பெட்டி தாராளமாக நுழையும், பல பெரிய விமானங்களைவிட வசதியான ஒன்று.

அதில் 76 இருக்கைகளுக்கு மேல் இல்லாததற்குக் காரணம் இடப் பற்றாக்குறை அல்ல. தங்கள் வேலை வெளியே போய்விடாதபடி பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள் ஒப்பந்தத்தில் போட்டுவைத்த வரம்பு அது. 50 இருக்கைகளுக்கு மேல் உள்ள பிராந்திய ஜெட்கள் எத்தனை ஓடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அந்த வரம்புகளுக்குள் அடங்குவதற்காகவே, 70 பேர் அமரக்கூடிய சிஆர்ஜே-700 விமானத்தில் இருக்கைகளைக் குறைத்து, 50 இருக்கைகளோடு சிஆர்ஜே-550 என்ற பெயரில் யுனைடெட் 2019இல் அறிமுகப்படுத்தியது. சங்கத்தின் பேரத்தால் பயணிக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது!

குறை தெரிவது சிக்கல் வரும்போதுதான். வானிலையால் பெரிய விமான நிலையத்தில் நெரிசல் ஏற்பட்டால் முதலில் ரத்தாவது இந்தச் சிறு விமானங்களே. எனக்கு அப்படி ரத்தானபோது, டிக்கெட் விற்றவர்கள் ஓட்டுபவர்களைக் கைகாட்டினார்கள், ஓட்டுபவர்கள் விற்றவர்களைக் கைகாட்டினார்கள்.

2009 பிப்ரவரி 12 அன்று கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில் பறந்த, கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் அருகே விழுந்து 50 பேர் இறந்த பின்னர், துணை விமானிகளுக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயமானது. அந்த விமானத்தின் விமானிகள் இருவருமே அதற்கு மேல் பறந்தவர்கள் என்பது வேறு விஷயம். அந்த விபத்துக்குப் பின் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, டிக்கெட் விற்கும் இணையதளம் இயக்கும் நிறுவனத்தின் பெயரை முதலிலேயே காட்ட வேண்டும். பணம் கட்டுமுன் அந்த வரியையும் விமான வகையையும் பார்த்துவிடுங்கள். இணைப்பு விமானம் இருந்தால், நாளின் கடைசிச் சேவையை மட்டும் நம்பாதீர்கள்.