சோழமண்டலம்: பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி

டொரொன்டோவில் உள்ள ஒன்டாரியோ கலைக்கூடத்தில் ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூரின் சிற்பங்களுக்கென்றே ஒரு பெரிய கூடம் இருக்கிறது. போன வருஷம் அங்கே நின்றபோது பதினைந்து வயது மகள் கேட்டாள்: "உங்க ஊர்ல இதுக்கு எங்க போவீங்க?" எழும்பூர் மியூசியம் என்றேன். "அது சோழர் காலம். இப்ப செஞ்சது?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. கல்லூரி நாட்களில் மாமல்லபுரம் பஸ்ஸில் எத்தனையோ தடவை ஈஞ்சம்பாக்கத்தைத் தாண்டியிருக்கிறேன். ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாழும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் பலகை கண்ணில் படும், பஸ் போய்விடும். ஒரு முறைகூட இறங்கியதில்லை.

அதனால் இந்த டிசம்பர் பயணத்தில் கல்யாணம், காது குத்து, பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்கு ஒரு நாளை ஒதுக்கினேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு உதவும் என்று, சில்லறை விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பணம். இளநீர்க் கடை வரை எல்லாமே யூபிஐதான். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற சில நாட்டு போன் எண்களிலேயே யூபிஐ எடுக்கலாம் என்பது நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்புதான் தெரிந்தது. வங்கியில் பதிந்திருந்தது என் பழைய எண். அதை மாற்ற ஓடிபி வேண்டும், அந்த ஓடிபி அதே பழைய எண்ணுக்குத்தான் போகும். இதிலேயே இரண்டு நாள் போயிற்று. கடைசியில் அப்பாவிடமிருந்து நூறு ரூபாய்த் தாள்களாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் அப்பாவிடம் கைச்செலவுக்குக் காசு!

அடுத்தது வண்டி. ஆப்பில் கூப்பிட்டால் முதல் டிரைவர் போன் செய்து "எங்க சார் டிராப்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்டு வைத்துவிட்டார். இரண்டாமவர் வருகிறேன் என்று அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றார். மூன்றாவதும் கேன்சல் ஆனபின், தெருமுனை டிராவல்ஸில் அரை நாள் வாடகைக்கு ஒரு காரைப் பேசிவிட்டேன். அதுதான் சரியான முடிவு என்று மாலையில் புரிந்தது. ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றுகொண்டு நகரத்துக்குத் திரும்ப வண்டி பிடிப்பது தனிக் கலை. வயதானவர்கள் கூட இல்லையென்றால் பஸ்ஸே போதும். திருவான்மியூரிலிருந்து கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை தாண்டினால் ஈஞ்சம்பாக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், மொத்தச் சென்னையும் கடலைப் பார்க்க அந்தச் சாலையில்தான் இருக்கும்.

போவதற்கு முந்தின ராத்திரி மகளுக்கு லேப்டாப்பில், சோழமண்டலத்தை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைக் காட்டினேன். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை அது. கட்டம் கட்டமாக, ஜாதகம் போலவும் கணக்கு நோட்டு போலவும், நடுநடுவே மலையாளம் போன்ற எழுத்துகளோடு இருக்கும். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கவே ஆரம்பித்துவிட்டார். பாலக்காட்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர், மலையாளம் தெரியும். ஐந்து நிமிஷம் கழித்து, "எழுத்து மாதிரி இருக்கு, எழுத்து இல்ல. இந்தக் கட்டத்துல ராசியும் இல்ல. ஏமாத்தறான்" என்றார். ஆனால் மறுநாள் காலை எங்களுக்கு முன்னால் குளித்துத் தயாராகி உட்கார்ந்திருந்தார்.

பணிக்கர் 1957 முதல் சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வர். 1850-இல் தொடங்கிய பழைய பள்ளி அது. படித்து வெளியே வரும் பையன்கள் படம் வரைந்து பிழைக்க வழியில்லை என்று பார்த்தவர், 1966-இல் முப்பது பேர் அளவில் சேர்த்துக்கொண்டு கடலோரத்தில் நிலம் வாங்கிக் குடியேற வைத்தார், அதுதான் சோழமண்டலம். நிலத்துக்குப் பணம் அரசு கொடுக்கவில்லை, கொடையாளர் யாரும் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. மெழுகு தடவிச் சாயம் போடும் பாட்டிக் துணி, தோல் பொருள், பீங்கான் என்று கைவினைப் பொருட்கள் செய்து, விற்றுச் சேர்த்த காசு. பகலில் பிழைப்புக்குத் துணி, மிச்ச நேரத்தில் ஓவியம். இதைக் கேட்டபின் மகள் வரலாறு கேட்பதை நிறுத்திவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்: "அப்போ பாட்டி வீட்டு ஹால்ல இருக்கிற துணி?" அதற்கு அப்புறம் வருகிறேன்.

உள்ளே போனதும் முதலில் தோட்டத்தைப் பாருங்கள். டிசம்பரிலும் பதினொரு மணிக்கு மேல் வெயில் உறைக்கும், கருங்கல் சூடேறிவிடும். காலை மூடும் செருப்பு, கொசு மருந்து, தண்ணீர் பாட்டில் மூன்றும் வேண்டும். தோட்டம் என்றால் மண் தரைதான், கைத்தடியோடு வருகிறவர்களுக்குத் துணைக்கு ஓர் ஆள் தேவை. சிற்பங்கள் நடுவே அப்பா மெதுவாக நடந்தார். பாலிஷ் போட்ட பக்கத்தையும் உளித் தழும்பு அப்படியே விட்ட பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மகாபலிபுரத்துக்காரன் இதையும் செய்வான், ஆனா மூக்கு வச்சிருப்பான்" என்றார். கலை விமர்சனம் என்று நான் படித்ததில் பாதி இதைவிடக் குழப்பமானது.

வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். மெட்ராஸ் இயக்கம் என்று சொல்லப்படும் பணிக்கர் காலத்து ஓவியர், சிற்பிகளுக்காகவே 2009-இல் திறந்தது. என்னை நிறுத்தியது உலோகச் சிற்பங்கள். பி.வி. ஜானகிராம், பணிக்கரின் மகன் நந்தகோபால் போன்றவர்கள் செம்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் செய்த வகை. சுற்றி வந்து பார்க்கிற சிற்பம் இல்லை இது, எதிரே நின்று பார்க்க வேண்டியது. ஹென்றி மூரைச் சுற்றிச் சுற்றி வந்த மகள் இதற்கும் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். உற்சவருக்குக் கவசம் சாத்தி எதிரே நிற்கிறோமே, அது மாதிரி நில்லு என்றேன். நின்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒன்றை மனதில் வையுங்கள், இது மக்கள் குடியிருக்கும் இடம். ஓவியர் வீடு என்பதற்காக ஜன்னலில் எட்டிப் பார்க்கக் கூடாது. கேலரியில் படம் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாம். கேன்வாஸைச் சுருட்டிக் குழாயில் போட்டால் கைப்பையாகவே வரும்.

அங்கிருந்து தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. பழைய செட்டிநாட்டு வீடு, கேரள வீடு எல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டிய இடம், 1996-இலிருந்து இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறக்காதீர்கள். வழியில் உத்தண்டி சுங்கச்சாவடி வரும். அந்தக் காசு யார் கணக்கில் என்று வண்டி ஏறும்போதே பேசிவிடுங்கள், நான் பேசவில்லை, கொடுத்தேன். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்பார்கள். அப்பாவுக்குக் கால் வலித்ததால் நாங்கள் பாதியில் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் நேராக ஹாலுக்குப் போனாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தச் சுவரில் தொங்குகிற பாட்டிக் துணி: அரக்கு நிறம், இரண்டு மீன், மெழுகு வெடித்த கோடுகள். "எங்க வாங்கினது பாட்டி?" அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. "மவுண்ட் ரோட்ல ஏதோ எக்ஸிபிஷன். கல்யாணம் ஆன புதுசு." கழற்றித் திருப்பிப் பார்த்தோம். கையெழுத்து இல்லை, சீட்டு இல்லை, தூசிதான் இருந்தது. அங்கே செய்ததாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊருக்கு எடுத்துப் போகட்டுமா என்று மகள் கேட்டாள். அம்மா துணியை உதறி அதே ஆணியில் மாட்டிவிட்டாள். எடுத்தால் சுவரில் திட்டுத் தெரியுமாம்.